தாசில்தாரின் பின்நடை

கொமரக்காட்டுவலசில் கன்றைக் குத்தகைக்கு எடுத்தால் எடுத்தபடியே திருப்பித் தர வேண்டும். நாலு மாதக் கன்றை ஆடியில் ஓட்டிக்கொண்டு போனால், மாசியில் நாலு மாதக் கன்றாகத்தான் கொண்டுவந்து கட்ட வேண்டும். இடையில் அது தின்று கொழுத்து, தைக் கண்காட்சியில் நடை பழகிக் காட்டி, பரிசு வாங்குவதெல்லாம் வளர்க்கிற பிள்ளையின் சாமர்த்தியம். அதை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. திருப்பும்போது நாலு மாதமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கு வழி பின்நடை. கூட்டுறவுச் சங்கத்துக்குப் பின்னால் தானியம் காயப்போடுகிற சிமெண்டுக் களம் ஒன்று இருக்கிறது. கன்றை அங்கே நிறுத்தி, அதன் எதிரே நின்று, நெற்றியில் உள்ளங்கையை வைத்து மெல்லத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். கன்று பின்பக்கமாகவே நடக்கும். களத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் கன்றின் வயதில் ஒரு நாள் கழிந்துவிடும். அந்த நாளில் ஏறிய சதை இறங்கிவிடும், தின்ற சோளத்தட்டு சாயங்காலத்துக்குள் வீட்டுப் போரில் போய் ஏறிவிடும். தடுப்பூசி போட்ட நாள் வரும்போது முன்கூட்டியே சொல்லிவைத்தால், கால்நடை மருத்துவர் பெட்டியோடு வந்து போட்ட மருந்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போவார். நல்ல மனிதர். ஒரு காப்பி கொடுத்தால் போதும்.

சாணி மட்டும் திரும்புவதில்லை. அதுதான் குத்தகை. ஆறு மாதச் சாணியும் கன்று கொடுத்தவரின் காட்டுக்குப் போய்விடும்.

மாசி பிறந்துவிட்டால் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் களத்தில்தான் இருப்பார்கள். வெள்ளாடு, செம்மறி, கன்று, எருமைக்கன்று என்று எல்லாம் வால் முன்னே வரச் சுற்றிக்கொண்டிருக்கும். எண்ணிக்கை தவறாமல் இருப்பதுதான் முக்கியம். போன வருடம், பிறந்து மூன்றே நாளான வெள்ளாட்டுக்குட்டியை எடுத்த பையன் ஒருவன் பராக்குப் பார்த்துக்கொண்டே ஐந்து சுற்றுக் கூடுதலாகச் சுற்றிவிட்டான். குட்டி நேரே தாய்க்குள் போய்விட்டது. ஆடு மறுபடி நிறைசினையாக நின்றது. ஒரு வாரம் பொறுத்திருந்து பார்த்தால் இந்தத் தடவை இரண்டு குட்டி. கூட வந்ததை யார் பேரில் எழுதுவது என்று பள்ளிக்கூடத்தில் இளம் உழவர் மன்றத்தை நடத்துகிற எமல்டா டீச்சர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

கோகிலவாணி ஒன்பதாம் வகுப்பு. அவள் வீட்டில் மாடு கன்று எதுவும் கிடையாது. அப்பா லாரியில் வடக்கே போனால் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் எட்டிப் பார்ப்பார். அம்மா சுலோச்சனா தேங்காய்க் களத்தில் பருப்பு உடைக்கப் போகிறாள். மன்றத்தில் பேர் கொடுத்தாயிற்று, கண்காட்சிக்கு ஏதாவது ஒன்றை வளர்த்தாக வேண்டும் என்று ஆடி இருபத்தொன்பதாம் தேதி தாயும் மகளும் நாச்சிமுத்துவின் பண்ணைக்குப் போனார்கள். நாச்சிமுத்து பிள்ளைகளுக்குக் குத்தகைக்கு விடுவதற்கென்றே கன்று வைத்திருக்கிறவர். தோளில் துண்டு, காதில் பென்சில், கையில் ஒரு நீளமான நோட்டு. இந்த மூன்றும் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை.

"எழுதிக்கறேன், நல்லா பாத்துக்கோ அம்மிணி. நாளைக்கு அது அப்படி இருந்துச்சு, இது இப்படி இருந்துச்சுன்னு எங்கிட்ட நிக்கக் கூடாது."

"சரீங்க மாமா."

"கிடாரிக் கன்னு. நெறம் செவலை. எடை நாப்பத்தெட்டுக் கிலோ. வலது காதுல உண்ணி கடிச்ச தழும்பு ஒண்ணு. குணம்..." என்று நிறுத்திக் கன்றைப் பார்த்தார்.

கன்று அங்கே நின்ற எல்லோரையும் ஒரு முறை பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது.

"குணம், யாரையும் அறியாது," என்று எழுதி அடியில் கோடு போட்டார்.

முதல் நாள் அந்தக் கன்று படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. புல்லைத் தொடவில்லை. தவிட்டுத் தண்ணியைத் தட்டிவிட்டது. ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தியது. கோகிலவாணி அகத்திக்கீரை பறித்து வரச் சைக்கிளில் போய், வேலியோரம் விழுந்து, முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு வந்தாள். கீரையையும் அது தொடவில்லை. 'போ, எக்கேடோ கெட்டுப் போ' என்று திட்டிவிட்டு அவள் கொட்டகை மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கன்று கத்துவதை நிறுத்திவிட்டு மெல்லப் பக்கத்தில் வந்தது. முழங்கையை மோந்தது. சொரசொரவென்று நக்கியது. நல்ல எரிச்சல். ஆனாலும் கையை அவள் எடுக்கவில்லை. அப்புறம் அது கீரையைத் தின்றது.

ஒன்பதாம் நாள் பேர் வைத்தாள். யாரைப் பார்த்தாலும் மனு கொடுக்க வந்தவர்களைப் பார்ப்பதுபோல் அரைக்கண்ணால் பார்ப்பதால் தாசில்தார். கிடாரிக்கு இது ஒரு பேரா என்று அம்மா கேட்டாள். "ஏன், பொம்பளை தாசில்தார் இல்லையா?" என்றாள் இவள்.

தாசில்தார் வளர்ந்தது. ஐப்பசியில் செவலை நிறம் மங்கி, மார்கழிக்குள் பளபளவென்று சாம்பல் வெள்ளையாக, மயிலையாகிவிட்டது. அவள் குரல் தெருமுனையில் கேட்டால் கயிற்றை இழுத்துக்கொண்டு நிற்கும். பள்ளிக்கூட வாசல் வரைக்கும் கூடவே வந்து, மணி அடித்ததும் தானாகத் திரும்பி வீட்டுக்குப் போகும். அறிவியல் ரெக்கார்டு நோட்டில் பாதியைத் தின்றுவிட்டது. அதற்கும் அவள் அடிக்கவில்லை, மீதிப் பாதியில் ஒட்டி ஒட்டி எழுதினாள். அப்படி ஒரு பைத்தியம் ஒருவர்மேல் ஒருவருக்கு.

தைக் கண்காட்சியில் நாற்பத்தோரு கன்றுகள். நடுவர் ஒவ்வொன்றாகப் பல்லைப் பார்த்து, முதுகைத் தடவி, நடக்கவிட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். தாசில்தார் முன்னால் வந்து நின்றதும் அது அவரை அரைக்கண்ணால் பார்த்தது. நடுவர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். மேல்பட்டனைப் போட்டுக்கொண்டார். ஊரில் தன் வீட்டுப் பட்டா மாறாமல் கிடப்பதைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார். தாசில்தார் தலையை ஆட்டியது. முதல் பரிசு.

அந்தச் சந்தோஷத்தில் இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் எமல்டா டீச்சர் வகுப்பில் வந்து, "எல்லாரும் புளியங்கொட்டை எண்ணி எடுத்து வெச்சாச்சா?" என்று கேட்டார்.

சுற்றுக் கணக்குக்குப் புளியங்கொட்டைதான். கோகிலவாணியின் கணக்கு நூற்றெண்பத்து மூன்று. ஒரு சுற்று முடிந்தால் ஒரு கொட்டையை ஒரு டப்பாவிலிருந்து இன்னொரு டப்பாவுக்கு மாற்ற வேண்டும். காலையில் எட்டு, சாயங்காலம் ஏழு என்று போட்டால் பன்னிரண்டு நாளில் நூற்றெண்பது. பதிமூன்றாம் நாள் காலையில் மூன்று சுற்றோடு முடிந்துவிடும்.

முதல் நாள் சுற்றில் கண்காட்சி போயிற்று. தாசில்தார் பரிசு வாங்கியதை மறந்துவிட்டது. அதனால் பரவாயில்லை, கோப்பை வீட்டில் இருக்கிறது. இரண்டாம் நாள் பொங்கலுக்குக் கொம்பில் பூசிய வண்ணம் தானாக மறைந்தது. அப்புறம் தோல் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவக்க ஆரம்பித்தது. ஏழாம் நாள் பள்ளிக்கூட வழி மறந்தது. ரெக்கார்டு நோட்டின் தின்றுபோன பக்கங்கள் பைக்குள் வந்து கிடந்தன, கொஞ்சம் ஈரமாக. இதெல்லாம் எல்லாக் கன்றுக்கும் நடக்கிறதுதான். கோகிலவாணிக்கும் தெரியும்.

ஆனால் தெரிந்திருப்பது வேறு. பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் பேர் வைத்த நாளைச் சுற்றி முடித்துவிட்டு, "தாசில்தார்" என்று கூப்பிட்டாள். கன்று காதைக்கூட அசைக்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டாள். அது பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்த எருமைக்கன்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே மீதிச் சுற்றுகளையும் சுற்றினாள். சுற்றுக்குச் சுற்று கன்று அவளைவிட்டு ஓரடி தள்ளித் தள்ளிப் போனது. நெற்றியில் கை வைத்தால் தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது.

"நாளைக்கு மூணு சுத்து. அப்புறம் அதுக்கு நீ யாரோ, அது யாரோ," என்றாள் அம்மா, சோறு போட்டுக்கொண்டே. ஆறுதலாகத்தான் சொன்னாள். அது ஆறுதலாக வந்து சேரவில்லை.

மறுநாள் காலையில் கோகிலவாணி இரண்டு சுற்றுச் சுற்றினாள். டப்பாவில் ஒரே ஒரு கொட்டை மீதி. அது முதல் நாள். கன்று கத்திய நாள், அவள் சைக்கிளிலிருந்து விழுந்த நாள். அதையும் சுற்றிவிட்டால் ஆறு மாதத்தில் ஒன்றும் மிச்சமில்லை. அவள் அந்தக் கொட்டையை எடுத்துப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டாள். கன்றின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நேரே பண்ணைக்கு நடந்தாள்.

பண்ணையில் நாச்சிமுத்து நோட்டை விரித்து வைத்துக் காத்திருந்தார். அம்மாவும் எமல்டா டீச்சரும் முன்பே வந்திருந்தார்கள். திருப்பும்போது பெற்றவரும் டீச்சரும் சாட்சியாக இருக்க வேண்டும் என்பது மன்றத்து வழக்கம்.

"நெறம் செவலை. சரி. காதுத் தழும்பு, சரி." கன்றைத் தராசில் ஏற்றினார். "நாப்பத்தெட்டே கால். கால் கிலோ கூட நிக்குது. தண்ணி குடிச்சிருக்கும், போவுது. இனிக் குணம்."

குணத்தைப் பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. நாலைந்து பேர் வரிசையாக நிற்க வேண்டும். கன்றை நடுவில் அவிழ்த்துவிடுவார்கள். யாரையும் அறியாத கன்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும். அம்மா, டீச்சர், பண்ணையில் புல் அறுக்கிற பழனாத்தாள், கடைசியில் கோகிலவாணி என்று நின்றார்கள். கோகிலவாணி கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். வந்துவிடுமோ என்று அவளுக்குப் பயம். வராமல் போய்விடுமோ என்று அதைவிடப் பெரிய பயம்.

கன்று சுவரைப் பார்த்தது. அம்மாவைத் தாண்டியது, டீச்சரைத் தாண்டியது, பழனாத்தாளின் முந்தானையை ஒரு முறை மோந்தது. கோகிலவாணியிடம் வந்து நின்று, முழங்கையை நக்கியது.

"அட!" என்றார் நாச்சிமுத்து. "கொட்டையைக் காட்டு அம்மிணி."

அவள் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள்.

"ஏம் புள்ள, உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்குது?" என்று அம்மா பாய்ந்தாள். "போ, போயி அந்த ஒரு சுத்தையும் சுத்தீட்டு வா. மானத்த வாங்காத."

"மாட்டனுங்கம்மா."

"டீச்சர், நீங்களாவது சொல்லுங்க."

எமல்டா டீச்சர் கன்றைப் பார்த்தார். "எண்ணிக்கை கூடினா குட்டி தாய்க்குள்ள போயிடும். குறைஞ்சா என்ன செய்யறதுன்னு விதியில எழுதலைங்க," என்றார்.

"அதுக்கு எங்கிட்ட இருக்குது வழி," என்றார் நாச்சிமுத்து. கோபமே இல்லை அவர் குரலில். "என்ற கன்னுல ஒரு நாளை இந்தப் புள்ளை எடுத்து வெச்சுக்கிச்சு. எடுத்தாத் தப்பில்லை. அதுக்கு ஈடா எனக்கு ஒரு நாள் குடுத்துடோணும். உன்ற நாள்ல ஒண்ணு குடு அம்மிணி, முடிச்சுக்கலாம். ஈடு ஒத்து வராட்டி, கடைசிச் சுத்தை நானே சுத்திக்குவேன்."

சொல்லிக்கொண்டே தோளிலிருந்த துண்டை எடுத்து உதறினார். மாட்டுச் சந்தையில் விலை பேசுகிற மாதிரிதான் இதற்கும் பேச்சு. துண்டுக்குள்ளே இரண்டு பேரும் கையை விட்டு விரலைப் பிடித்துப் பேச வேண்டும். சுற்றி நிற்கிறவர்களுக்கு எதுவும் தெரியாது. சுண்டுவிரல் திங்கள், மோதிரவிரல் செவ்வாய், நடுவிரல் புதன், ஆள்காட்டி வியாழன், கட்டைவிரல் வெள்ளி. மணிக்கட்டைப் பிடித்தால் சனி. கையை முழுதாகப் பிடித்தால் ஞாயிறு. முகத்தில் ஒன்றும் காட்டக் கூடாது. வாயில் வேறு ஏதாவது பேச வேண்டும்.

நாச்சிமுத்து எடுத்ததும் கையை முழுதாகப் பிடித்தார்.

"இந்த வருசம் பனி சாஸ்திதான்," என்றார்.

"ஆமாங்க மாமா," என்றபடி கோகிலவாணி கையை உருவிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை அப்பா வருகிற நாள். அதைக் கொடுப்பாளா? அவர் நடுவிரலைத் தேடிப் பிடித்து அழுத்தினாள்.

அவர் புருவம் லேசாக ஏறி இறங்கியது. அவள் கட்டைவிரலுக்குத் தாவினார். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் விளையாட்டு. அவள் மறுபடி நடுவிரலைப் பிடித்தாள், இந்தத் தடவை நகம் பதிகிற மாதிரி.

"பனி விழுந்தா முருங்கை காய்க்காது," என்றார்.

"எங்கூட்டு முருங்கை நல்லாத்தானுங்க காய்ச்சிருக்குது."

அவர் அவள் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார். அவள் அசையவில்லை. கன்று இரண்டு பேருக்கும் நடுவில் வந்து துண்டின் நுனியைச் சப்ப ஆரம்பித்தது. அப்புறம் நாச்சிமுத்து அவள் நடுவிரலைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கித் துண்டை எடுத்துவிட்டார்.

"வர்ற புதன்கிழமை," என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். "ஏன் அம்மிணி, அன்னைக்கு ரெண்டு பீரியட் கணக்குன்னு என்ற பேத்தி சொல்லுவாளே. அதையா எந்தலையில கட்டற?"

"கணக்கு பீரியட்டைப் பள்ளிக்கூடத்துலயே விட்டுட்டு வந்துடறனுங்க மாமா. உங்களுக்கு வெறும் புதன்கிழமைதான் வரும்."

"வெயில் அடிக்கோணும். கடலைக்காய் காயப்போடோணும் எனக்கு."

"நல்லா அடிக்குமுங்க."

அவர் நோட்டை எடுத்தார். 'யாரையும் அறியாது' என்பதைப் பென்சிலால் அடித்தார். சற்று யோசித்து, அதன்மேல் பொடி எழுத்தில், 'ஒரு ஆளை ஒரு நாள் அறியும்' என்று எழுதினார். டீச்சர் கையெழுத்துப் போட்டார். அம்மாவும் போட்டாள், முணுமுணுத்துக்கொண்டே.

கோகிலவாணி கன்றின் கயிற்றை அவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தாள். திரும்பிப் பார்த்தால் போக மாட்டோம் என்று அவளுக்குத் தெரியும். வழியெல்லாம் முழங்கை ஈரமாக இருந்தது. துடைக்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள். எழுந்தபோது வியாழக்கிழமை. அம்மா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். நேற்றுச் சாயங்காலம் அடுத்த வீட்டுக்காரி வந்து பழைய நாள்காட்டியை இரவல் வாங்கிக்கொண்டு போனதைச் சொன்னாள். "நீ இல்லாததால ரெண்டு தோசை மிச்சம். இன்னைக்குச் சேத்துத் தின்னுக்கோ," என்றாள். பள்ளிக்கூடத்தில் எமல்டா டீச்சர் வருகைப் பதிவேட்டைத் திறந்தார். புதன்கிழமைக் கட்டத்தில் கோகிலவாணிக்கு நேரே 'கொடுத்தாயிற்று' என்று எழுதியிருந்தது. கணக்கு சார் விட்டுப்போன இரண்டு பீரியட்டையும் ஒரு தாளில் சுற்றி அவளிடம் கொடுத்தார். சிறிய பொட்டலம்தான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் பண்ணைப் பக்கம் திரும்பினாள். எட்ட நின்று வேலிக்கு வெளியிலிருந்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். பெரிய கேட்டில் நாச்சிமுத்து நின்றுகொண்டிருந்தார்.

"வா, வா. இப்பத்தான் தொறக்கப் போறேன்," என்று கேட்டைத் தள்ளினார்.

உள்ளே அவள் கொடுத்த புதன்கிழமை. காலை ஆறு மணி. வாசலில் பனி ஈரம் காயவில்லை. பழனாத்தாள் கடலைக்காயைத் தரையில் பரப்பிக்கொண்டிருந்தாள். கன்று வேப்பமரத்தடியில் கட்டியிருந்தது. அவளைப் பார்த்ததும் கயிற்றை இழுத்துக்கொண்டு எழுந்து நின்றது. கோகிலவாணி புத்தகப் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். அது முழங்கையைத் தேடி நக்கியது. அதற்கு அவளை ஒரே ஒரு நாள்தான் தெரியும். ஆனால் அந்த ஒரு நாள் முழுதாகத் தெரியும். அவள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தாள், சத்தமாக, பண்ணையே திரும்பிப் பார்க்கிற மாதிரி.

"கன்னையும் இதுக்குள்ளயே கட்டிப் போட்டேன். வயசு ஏறாது பாரு," என்றார் நாச்சிமுத்து, கட்டிலில் உட்கார்ந்துகொண்டு. "நல்ல நாளாத்தான் குடுத்திருக்கற அம்மிணி. குத்தம் சொல்ல முடியாது."

"வெயில் இன்னும் ஏறலையேங்க மாமா. கடலைக்காய் காயோணுமே."

"ஏறும். ஒரே மூச்சுல தீத்துப்போட்டா அப்புறம் எங்கிட்ட என்ன இருக்குது? தெனம் அரை மணி நேரந்தான் தொறக்கறதுன்னு வெச்சிருக்கறேன். நீ பள்ளிக்கூடம் விட்டு வர்ற நேரத்துக்கே தொறக்கறேன், வந்துட்டுப் போ."

அரை மணி ஆனதும் அவர் எழுந்து கேட்டைச் சாத்தினார். வெளியே வியாழக்கிழமை சாயங்காலப் பேருந்து போய்க்கொண்டிருந்தது. கோகிலவாணி பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

வெள்ளிக்கிழமை விளையாட்டுப் பீரியட் முடிந்து, ஒரு கட்டு அகத்திக்கீரையோடு அவள் மறுபடி போனாள். உள்ளே புதன்கிழமை ஆறரை மணி ஆகியிருந்தது.